குப்பை போட்டவர் எங்கே?

ஒரு சமுதாயம் யாரைக் கண்டு சிரிக்கிறது என்பதைக் கொண்டே அது யாரை மதிக்கிறது, யாரை மதிக்க மறந்தது என்பதை ஓரளவு கணித்துவிடலாம். நகை தோன்றும் களன்களாகத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கைச் சுட்டுகிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. இந்நான்கனுள் எள்ளல் முதலில் நிற்பது சிந்திக்கற்பாலது. பிறரை இகழ்ந்து சிரிப்பது எளிது, எவரும் செய்யக்கூடியது. எளிதாகக் கிடைக்கும் சிரிப்பே உண்மையை எளிதாக மறைப்பதும் ஆகும். இக்கருத்தை ஒரு கேலிச்சித்திரக் குறும்படத்தைக் கொண்டு விளக்கி, நம் கம்பம் பள்ளத்தாக்கின் நிலையோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரடியும் வனச்சரகரும்

உலகெங்கும் சிறுவர் உள்ளங்களைக் கவர்ந்த வால்ட் டிஸ்னி நிறுவனம் 1956ஆம் ஆண்டு 'இன் தி பேக்' எனும் குறும்படத்தை வெளியிட்டது. இயக்கியவர் ஜாக் ஹன்னா. 'பிரவுன்ஸ்டோன்' எனும் கற்பனைத் தேசியப் பூங்காவில் கதை நிகழ்கிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற யெல்லோஸ்டோன் பூங்காவின் பெயரைச் சற்றே மாற்றிச் செய்த விளையாட்டு இப்பெயர். பூங்காவின் வனச்சரகர் பெயர் உட்லோர். குள்ள உருவம், பெரிய தொப்பி, ஓயாத அலுப்பு. அவருக்கு வாய்த்த கரடியின் பெயர் ஹம்ப்ரி.

சுற்றுலா வந்தோர் போட்டுச் சென்ற குப்பை பூங்கா முழுவதும் சிதறிக் கிடக்கிறது. தனியொருவராகப் பொறுக்கிச் சலித்த வனச்சரகர் ஒரு சூழ்ச்சி செய்கிறார். குப்பை பொறுக்குவதை ஆட்டமும் பாட்டும் கலந்த விளையாட்டாக்கிக் கரடிகளுக்குக் கற்பிக்கிறார். கரடிகளும் மகிழ்ந்து ஆடிக்கொண்டே குப்பையை அள்ளுகின்றன. தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்ததும் அள்ளிய குப்பையை அங்கேயே கொட்டிவிடுகின்றன. அடுத்து வனச்சரகர் உணவைக் காட்டி ஆசை மூட்டுகிறார். தத்தம் பகுதியைத் தூய்மை செய்த கரடிக்கே விருந்து என்கிறார். உடனே மற்றக் கரடிகள் தம் குப்பையை ஹம்ப்ரியின் பகுதிக்குத் தள்ளிவிட்டு விருந்துக்கு ஓடுகின்றன. ஹம்ப்ரி மறைத்துப் பார்க்கிறது, எரிக்கப் பார்க்கிறது, இறுதியில் வெந்நீர் ஊற்றின் குழிக்குள் எல்லாவற்றையும் திணித்துவிடுகிறது. ஊற்று பீறிட்டு எழ, குப்பை வானளாவப் பறந்து மீண்டும் பூங்காவெங்கும் விழுகிறது.

ஏழெட்டு நிமிடம் ஓடும் இப்படத்தைக் காண்போர் வயிறு குலுங்கச் சிரிப்பர். நாமும் சிரித்தோம். சிரித்து முடித்த பின் ஒரு வினா எஞ்சுகிறது. வனச்சரகரைக் கண்டு சிரித்தோம். கரடியைக் கண்டு சிரித்தோம். குப்பையைப் போட்டவர் எங்கே? அவர் படத்தின் தொடக்கத்திலேயே தம் மகிழுந்தில் ஏறிச் சென்றுவிட்டார். அதன் பின் படம் முழுதும் நிகழ்வது, தவறு செய்யாத இருவர் தமக்குள் நடத்தும் போராட்டமே. தவறிழைத்தவர் திரைக்கு வெளியே நலமாக இருக்கிறார்.

இதனைப் படத்தின் குறையாகக் கூறவில்லை. உலகியலை இத்துணைத் துல்லியமாகக் காட்டியது அதன் சிறப்பே ஆகும்.

சிரிப்புக்குப் பின்னிருந்த வரலாறு

1872இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட உண்மையான யெல்லோஸ்டோனில் விடுதிகளின் எச்சில் உணவு நெடுங்காலம் திறந்த வெளியில் கொட்டப்பட்டது. அதனைத் தின்ன வரும் கரடிகளைக் காண மக்களுக்கு இருக்கைகள் போடப்பட்டிருந்த காலமும் உண்டு. சாலையோரம் நின்று வண்டிகளிடம் கையேந்தக் கரடிகள் பழகின. விளைவு யாது? 1931 முதல் 1969 வரை ஆண்டொன்றுக்குச் சராசரியாக 48 பேர் அங்குக் கரடிகளால் காயமுற்றனர். 1970ஆம் ஆண்டையொட்டி அந்தக் குப்பை மேடுகள் மூடப்பட்டன. கரடி திறக்க இயலாத குப்பைத் தொட்டிகள் வைக்கப்பட்டன. உணவூட்டல் கடுமையாகத் தடுக்கப்பட்டது. காயமுறுவோர் தொகை படிப்படியாகச் சுருங்கியது. ஆயினும் எச்சிலுக்குப் பழகிய கரடிகள் பல, அந்த மாற்றத்தின்போது உயிரிழந்தன. மனிதன் ஊட்டிய பழக்கத்துக்கு விலங்கு தன் உயிரை விலையாகக் கொடுத்தது.

கரடிக்கு எச்சில் உணவு எனின், நம் மலைகளில் யானைக்கு அரிசி.

அரிசி தேடி வந்த வேழம்

மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் அரண் செய்ய, இடையே முல்லைப் பெரியாற்றின் நீர் பாய வாழ்வது நம் பள்ளத்தாக்கு. போடிமெட்டு ஏறினால் சின்னக்கானல். ஏலத் தோட்டங்களுக்கு அன்றாடம் ஜீப் ஏறிச் செல்லும் நம் மக்களுக்கு அவ்வூர் அயலூர் அன்று. அங்கு நியாயவிலைக் கடைகளை உடைத்து அரிசி தின்றமையால் 'அரிக்கொம்பன்' எனப் பெயர்பெற்ற யானையைக் கேரள வனத்துறை 2023 ஏப்ரல் 29ஆம் நாள் மயக்க ஊசி செலுத்திப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டது. அது மேகமலைப் பக்கம் உலவி, மே 27ஆம் நாள் காலை கம்பம் நகருக்குள் நுழைந்தது. தெருவில் நின்ற வண்டிகள் சேதமுற்றன. காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். நகரில் 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. டாப்சிலிப்பிலிருந்து கும்கி யானைகள் வந்தன. ஜூன் 5ஆம் நாள் சின்ன ஓவுலாபுரம் அருகே அது மீண்டும் பிடிக்கப்பட்டுக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது.

அந்நாள்களில் தேநீர்க் கடை தோறும் வனத்துறையினர் நகைப்புக்கு இலக்காயினர். ஓர் யானையைப் பிடிக்க இத்தனை பேரா என்றனர் சிலர். யானை முன்னே, பாரஸ்ட்காரர் பின்னே என்று கைப்பேசிகளில் கேலிப் படங்கள் சுற்றின. அச்சத்தில் இருந்த மக்களுக்குச் சிரிப்பு ஆறுதலாக இருந்திருக்கலாம். அதனைக் குற்றம் கூறோம். ஆனால் அப்போதும் கேட்கப்படாத வினா ஒன்றே. குப்பை போட்டவர் எங்கே?

சின்னக்கானலின் வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கும். 2000களின் தொடக்கத்தில், யானைகள் தலைமுறை தலைமுறையாக நடமாடிய நிலத்தில் நிலமற்ற பழங்குடியினர் குடியமர்த்தப்பட்டனர். 301 காலனி என்பது அக்குடியிருப்பின் பெயர். அது யானைகளின் வாழிடம், அங்கு மக்களைக் குடியமர்த்தல் ஆகாது என்று அக்காலத்து மூணாறு கோட்ட வன அலுவலர் எச்சரித்தும் கேட்பார் இல்லை. நிலம் கேட்ட ஏழை மீதும் குற்றமில்லை. நடந்த வழியே நடந்த யானை மீதும் குற்றமில்லை. இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்திய கை திரைக்கு வெளியே இருக்கிறது. திரைக்குள் நின்று அடிபட்டோர் அங்குள்ள மக்களும், யானையும், காக்கி உடுத்த கடைநிலைக் காவலருமே. யானைகளிடம் பேசியே விலக்கி அனுப்புவார் எனப் பெயர்பெற்ற வனக்காவலர் ஒருவர் 2023 ஜனவரியில் அதே பகுதியில் யானை தாக்கி உயிரிழந்தார் என்பதை நினைக்குங்கால், நம் சிரிப்பு நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது.

குரங்கணி கற்பித்த பாடம்

டிஸ்னியின் படத்தில் ஹம்ப்ரி குப்பையை எரிக்க முயலும்போது, காட்டுத்தீ தடுப்புப் பரப்புரைக்கென அமெரிக்க அரசு பயன்படுத்திய 'ஸ்மோக்கி' எனும் கரடி தோன்றித் தீயை மிதித்து அணைக்கும். திரையில் அது நொடிநேர நகைச்சுவை. நம் மாவட்டத்தில் அது நகைச்சுவை அன்று. 2018 மார்ச் 11ஆம் நாள் போடிக்கு மேலே குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேற்றத்துக்கு வந்தோரில் 23 பேரைப் பலிகொண்டது. பலர் இளம் வயதினர். பணியில் கவனக்குறைவு எனக் கூறி வனச்சரகர் ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

கடமை தவறியோர் கணக்குக் கொடுக்கவே வேண்டும்; இதில் இருவேறு கருத்தில்லை. ஆயினும் வறண்ட கோடையில் அம்மலைக்கு மனிதரை அழைத்துச் செல்லும் வணிகம் எவ்வாறு வளர்ந்தது, அதற்கு விதிமுறை ஏன் அதுவரை இறுக்கமாக இல்லை, எத்தனை சதுர மைலுக்கு எத்தனை காவலர் என்பனவும் கேட்கப்பட வேண்டியவை. ஒருவரை இடைநீக்கம் செய்த அளவில் கணக்கு முடிந்தது என நாம் நிம்மதியடைந்தால், வெந்நீர் ஊற்றின் குழிக்குள் குப்பையைத் திணித்த ஹம்ப்ரிக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. திணித்தது ஒருநாள் பீறிட்டு எழும்.

ஹஜ்ரத் உமர் நியமித்த காவலர்

காவலரை எள்ளுதல் நம் மரபு அன்று. தினைப்புனம் காத்தலைக் குறிஞ்சித் திணையின் பெருமைமிகு களமாக்கியவர் நம் முன்னோர். தலைவியும் தோழியும் பரண் ஏறித் தட்டையும் குளிரும் கொண்டு கிளி ஓட்டிய காட்சியைக் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தீட்டுகிறார். காவல் என்பது அங்கு இழிதொழில் அன்று. தலைவியே செய்யும் தொழில்.

இஸ்லாமிய வரலாற்றிலும் இதற்கு ஒளிமிக்க சான்று உண்டு. பொதுநன்மைக்கெனக் காக்கப்படும் மேய்ச்சல் நிலத்தை அரபியர் 'ஹிமா' என்பர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவையடுத்த நகீஃ எனும் இடத்தை ஹிமாவாக அமைத்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ஹுனைய் என்பவரை ஹிமாவின் காவலராக நியமித்தபோது வழங்கிய அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அதன் கருத்து இது. மக்களிடம் கடுமை காட்டாதே; அநீதிக்குள்ளானவனின் பிரார்த்தனைக்கு அஞ்சு; சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விடு; ஆனால் இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே; அவர்கள் மந்தை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் விளைநிலமும் உண்டு; ஏழையின் மந்தை அழிந்தால் அவன் தன் பிள்ளைகளோடு வந்து என் வாசலில் நிற்பான்.

இங்குப் பெயர் சுட்டப்பட்டோர் யாவர்? நபித்தோழர்களுள் பெருஞ்செல்வராகவும் பெருமதிப்புக்குரியவராகவும் விளங்கிய அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), பின்னாளில் கலீஃபாவாகிய உஸ்மான் பின் அஃப்பான் (ரலி) ஆகியோர். அவர்கள் மேன்மையில் குறைவற்றவர்கள். ஆயினும் பொதுநிலத்தின் வாயிலில் செல்வரிடம் உறுதியும் எளியவரிடம் பரிவும் காட்டுமாறு காவலருக்கு ஆட்சித் தலைவரே ஆணையிட்டார். கடைநிலைக் காவலர் ஒருவர் பெருஞ்செல்வரைத் தடுக்கத் துணிவு பெறுவது எப்போது? தலைமை தமக்குப் பின்னே நிற்கிறது என்ற உறுதி இருக்கும்போதுதான்.

நம் மலையடிவாரத்தில் நடப்பது என்ன?

இந்த அளவுகோலை நம் நிலத்தில் வைத்துப் பார்ப்போம். விறகுச் சுமை தூக்கி இறங்கும் மூதாட்டியிடம் கடுமை. குளிர்க்கண்ணாடி ஏற்றிய உயர்ந்த ரக வண்டிக்கு வணக்கம். இத்தகைய காட்சியை அடிவாரத்து ஊர்களில் எவரும் கண்டதில்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. அவ்வாறு நடக்கும் இடத்தில் காவலரைக் கண்டிக்க நாம் தயங்கக் கூடாது. எள்ளல் வேண்டா என்பதன் பொருள், குறை கூறல் வேண்டா என்பது அன்று.

திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றின் அளவில் வரையறுத்தது. தேனியின் மலைமாடுகளை மேய்த்து வாழ்வோரை இது நேரே தாக்கியது. காடு காக்கப்படத்தான் வேண்டும். எனினும் பத்து மாடு உடையவனுக்கு மாற்று வழி காட்டாமல் அவனை மறித்து நிற்கும் பணியை மாதத் தொகுப்பூதியம் பெறும் வேட்டைத் தடுப்புக் காவலரிடம் விட்டுவிடுவது நீதியாகுமா? அக்காவலர் பெரும்பாலும் அதே மலையடிவாரத்து ஏழைக் குடும்பத்தின் பிள்ளை. சிலர் பளியர் குலத்தவர். ஏழையை ஏழை மறிக்கிறான். ஒருவரையொருவர் இகழ்கின்றனர். ஹம்ப்ரியும் உட்லோரும் நம் மலையிலும் உளர்.

ஏமாற்று வேண்டா, பங்கு வேண்டும்

கரடிகளைப் பாட்டுப்பாடி ஏமாற்றிய உட்லோரின் திட்டம் தோற்றது ஏன்? உழைப்பு கரடிகளுடையது, ஓய்வு அவருடையது என்பதைக் கரடிகள் கண்டுகொண்டமையால். இதற்கு நேர்மாறான பட்டறிவு நம் எல்லையிலேயே உண்டு. தேக்கடியில் காட்டு இலவங்கப்பட்டையைக் களவாக உரித்து விற்றுவந்தோரை 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அழைத்துப் பேசியது. களவைக் கைவிட்டவர்களுக்குச் சுற்றுலா வழிகாட்டுதலும் வனக்காவலும் பிழைப்பாக அமைந்தன. வருவாயில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்த கால்கள், காட்டைக் காக்க நடந்தன. ஏமாற்றிப் பெற்ற உழைப்பு ஒருநாளில் தீரும். பங்களித்துப் பெற்ற உழைப்பு நிலைக்கும். இவ்வழியை மேகமலை அடிவாரத்து ஊர்களிலும் விரிவாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

நாம் எங்கே நிற்கிறோம்?

இறுதியாக, திரைக்கு வெளியே சென்றுவிட்ட அந்தச் சுற்றுலாப் பயணியிடம் வருவோம். அவர் அயலார் அல்லர். சுருளி அருவிக்கு நாம் செல்கிறோம். அங்குள்ள கோயிலுக்குச் செல்வோரும் தர்காவுக்குச் செல்வோரும் நம் உறவினரே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. தடை ஏட்டில் இருக்கிறது. உணவுப் பொட்டலத்தின் நெகிழித்தாளும் ஷாம்பு உறையும் பாறை இடுக்கில் இருக்கின்றன. அருவியில் குளித்த நாம் தூய்மையாக இறங்குகிறோம். அருவி அழுக்காக நிற்கிறது. உப்புச்சுவை ஒட்டிய உறையை மானும் குரங்கும் தின்கின்றன. மாலையில் கோணியோடு வந்து குனிந்து பொறுக்கும் பணியாளரை நாம் திரும்பியும் பார்ப்பதில்லை.

பாதையில் பிறர்க்குத் துன்பம் தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்பித்தது நம் மார்க்கம். அகற்றுவதே ஈமானின் கிளை எனின், துன்பம் தருவதைக் கொண்டுபோய்ப் பாதையில் போடுவது எதன் கிளை? ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று அறிவுறுத்தப்பட்ட சமுதாயம், ஆற்றின் தலைப்பையே குப்பைக் களமாக்கலாமா? ஜமாஅத் பெரியோர் வெள்ளிமேடையில் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். நோன்புப் பெருநாளை அடுத்துக் குடும்பம் குடும்பமாக மலைக்குச் செல்லும் நாள்களில் இவ்வறிவுரை மிகவும் தேவை.

மாணவச் செல்வங்களே! நீங்கள் செய்யத்தக்கவை பெரியன அல்ல. மலையேறும்போது கொண்டு சென்றதைத் திரும்பக் கொண்டு வாருங்கள். குரங்குக்கும் யானைக்கும் உணவு எறிவது அறமன்று, ஊட்டிக் கெடுப்பது என்பதை வீட்டாருக்கு உணர்த்துங்கள். யானை ஊருக்குள் வந்தால் படம்பிடிக்க ஓடாமல் காவலர் சொல்வதைக் கேளுங்கள். கம்பத்தில் அந்நாள்களில் கூடிய கூட்டமே காவலருக்குப் பெருந்தடையாய் இருந்தது. கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் ஒன்றையேனும் மலையடிவாரத்தில் நடத்துங்கள். அங்குள்ள வேட்டைத் தடுப்புக் காவலரை அழைத்துப் பேசச் செய்யுங்கள். அவர் இரவில் எங்கு உறங்குகிறார், ஊதியம் எந்நாளில் வருகிறது, செல்வாக்குடையோர் வண்டியை மறித்தால் அவருக்கு என்ன நேர்கிறது என்று கேளுங்கள். அக்கேள்விகளை நாளிதழ் ஆசிரியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கடிதமாக எழுதுங்கள். தமிழ் படித்ததன் பயன் அதுவே.

கேலிச்சித்திரங்களைப் பாருங்கள்; வாய்விட்டுச் சிரியுங்கள். சிரிப்பு இறைவன் மனிதனுக்கு அளித்த அருட்கொடை. ஆனால் ஒவ்வொரு சிரிப்பின் முடிவிலும், சட்டத்துக்குள் தெரியாத ஒருவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். தேடியபோது நம் முகமே அங்குத் தென்படுமாயின், வெட்கம் வேண்டா. குனிந்து நம் குப்பையை நாமே எடுப்போம். காட்டுக் காவலர் குனிய வேண்டிய வேலை ஒன்றேனும் குறையட்டும். அவர் நிமிர்ந்து நின்று மறிக்க வேண்டிய வண்டிகள் வேறு இருக்கின்றன.